பெயிண்ட் அடிக்காத நான்கு கம்பங்கள்

“இன்னாண்ணே, இந்த மரத்துல கொட்டா போட்டா யாரு தலையில வுழும்னு யோசிச்சியா?” என்று செந்தாமரை அக்கா ஜீவானந்தத்திடம் கேட்டாள்.

அவர் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலின் முதலாளி. பழைய மரம் விற்கும் அக்காவின் கடை இருந்த இடமும் அவருடையதுதான். கம்பெனி பஸ்ஸுக்காக நாங்கள் நாற்பது பேர் ரோட்டோரம் வெயிலிலும் மழையிலும் நிற்கிறோம், ஒரு கொட்டகை வேண்டும் என்று அவரிடம் ஆறு மாதமாகக் கேட்டிருந்தோம். அன்று காலை அவர் ஒரு டெம்போ நிறைய பேக்கிங் மரத்தை அக்காவின் கடையில் இறக்கி, கொட்டகை கட்டச் சொன்னார். தொழிற்சாலைக்குக் கப்பலில் வந்த மெஷின் பெட்டிகளைப் பிரித்த மரம். ஹாஸ்டல் சார்பில் நான் போய் ஓரமாக நின்றிருந்தேன்.

“ஃபாரின் மரம்மா இது. முத்திரை கீது, பாரு,” என்றார்.

“அந்தப் பொண்ணாண்ட காட்டு. இங்கிலீஷ் படிச்சிகீது.”

நான் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை செய்பவள். அந்த முத்திரையை தினமும் பார்க்கிறேன். “மரத்தைச் சூடுபடுத்தியிருக்காங்கன்னு அர்த்தம். உள்ளே இருக்கிற பூச்சி சாகிறதுக்காக,” என்றேன்.

“நாளைக்கு வெளியேர்ந்து வர்ற கரையானுக்கு?”

“அதுக்கு ஒண்ணும் இல்லைக்கா.”

“கேட்டுக்கினியாண்ணே?”

“பச்சை பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சா எவனுக்குத் தெரியப் போவுது?”

“கரையானுக்குத் தெரியும்.”

டெம்போ டிரைவர் சிரித்துவிட்டார். ஜீவானந்தத்துக்கு முகம் சிவந்தது. “என் இடத்துல கடை வச்சிகினு எனக்கே பாடம் எடுக்கறியா? இதுல கட்டு. இல்ல, பொங்கலுக்குள்ள இடத்தைக் காலி பண்ணு.”

அக்கா கடை வேலிக்குப் போய் ஒரு கம்பத்தை ஒற்றைக் கையால் பிடுங்கி எடுத்தாள். மண்ணுக்குள் இருந்த பகுதி டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அதன் மேல்பகுதியில் அதே முத்திரை இருந்தது.

“இது நான் நட்டது. ரெண்டு மழை தாங்கல. நானும் முத்திரைய நம்பினவதான். என் வேலி வுழுந்தா ஆடுதான் பூரும். அது வுழுந்தா?” என்று எங்கள் பஸ் நிற்கும் பக்கம் கை காட்டினாள். “கட்ட மாட்டேன். காலி பண்றேன்.”

அக்காவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏழு வருடம் கான்ட்ராக்ட்டில் லைனில் நின்றவள். ஒரே நாளில் அடையாள கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ரோடு அகலப்படுத்த இடித்த வீடுகளிலிருந்து தூண், உத்தரம், நிலை வாங்கி விற்க ஆரம்பித்தாள். அவளிடம் முனை வளைந்த ஒரு ஸ்க்ரூ டிரைவர் உண்டு. எந்த மரத்தையும் முதலில் அடியில் குத்துவாள். முனை இறங்கினால் வேண்டாம். பெயிண்ட் அடித்த தூண் என்றால் ஓரிடத்தில் சுரண்டிப் பார்க்க வேண்டும். விற்பவர் மறுத்தால், “அப்போ உள்ள இன்னாத்தையோ மறைக்கிற,” என்று எழுந்துவிடுவாள்.

ஆனாலும் எங்கள் கொட்டகையை அவள் கைவிடவில்லை; அதற்கு நல்ல மரத்தை அவளே தேடினாள். வல்லம் வடகால் கிராமத்தில் இடித்த ஒரு வீட்டில் பதினொரு வேங்கைத் தூண்கள் இருந்தன. குத்திக் குத்தி நான்கைத்தான் எடுத்தாள். வெளுத்த மேல்பகுதியை வைரம் பாய்ந்த உள்மரம் தெரியும்வரை செதுக்கினாள். மெலிந்துபோன தூண்களைப் பார்த்து எங்கள் ஹாஸ்டல் வேல்விழி, “என்னக்கா, டயட்டா?” என்றாள்.

“கொழுப்பு போனாத்தான் நிக்கும். உனக்கும் சேர்த்துத்தான்.”

ஊராட்சியில் அவளே போய் அனுமதி கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தூண்களைத் தூக்கிக்கொடுத்தோம். மண்ணில் புதைக்காமல் கருங்கல் மேல் இரும்புப் பட்டையில் நிறுத்தினாள். பழைய வீட்டில் உத்தரம் சொருகியிருந்த துளைகளை, சாரல் தண்ணீர் தேங்காதபடி உள்பக்கம் திருப்பினாள். மதியம் ஜீவானந்தம் பைக்கில் வந்தார். ஒரு கம்பத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“பொங்கல்,” என்றார்.

“ஞாபகம் கீதுண்ணே. கால் வலிக்குதா?”

கார்த்திகை மழையில் ஹாஸ்டல் மாடியின் தகரம் பறந்து எதிர்வயலில் விழுந்தது. கொட்டகைக்குள் நாங்கள் நாற்பது பேரும் நனையாமல் நின்றோம். அதற்காக ஜீவானந்தம் பொங்கல் கெடுவை விட்டுவிடவில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அக்கா கடையை வல்லக்கோட்டை ரோட்டுக்கு மாற்றினாள். மறுநாளே கொட்டகையில் ஹாஸ்டல் பெயர்ப் பலகை ஏறிவிட்டது. போனில் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“பேரு இருந்துட்டுப் போவட்டும். நாளைக்கு அண்ணன் அனுப்பற ஆளு பச்சை பெயிண்ட் டப்பா எடுத்துகினு வரும், பாரு. கம்பத்துல ஒரு சொட்டு படக்கூடாது. எவன் வேணா வந்து குத்திப் பாக்கட்டும், மரம் மரமாவே தெரியணும். நீ பேச மாட்ட, எனக்குத் தெரியும். பேச வேணாம் கண்ணு. கம்பத்துக்கு முன்னாடி போய் நில்லு, போதும்.”