அம்புக்குறி ஒட்டிய கயிறு

எங்கள் வீட்டு வாசல்நிலைக்குப் பக்கத்தில், சாவி மாட்டுகிற ஆணியில், முழ நீளத்துக்கு ஒரு கயிற்றுத் துண்டு தொங்குகிறது. ஆரஞ்சு நிறம். நடுவில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று, ஓரம் சுருண்டு போய். வருகிறவர்கள் கோயிலில் மந்திரித்து வாங்கியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் அறுந்த துணிக்கொடியை ஒட்டுப்போட்டுக் கட்ட இதைக் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன். ஒரு முழக் கயிற்றுக்கு இவ்வளவு பிகுவா என்று அவர் முகம் சுண்டிப்போனது. என்ன செய்ய? இந்தத் துண்டுக்காக நாங்கள் குடியிருந்த வீட்டையே விட்டிருக்கிறோம். அறுத்தது என் நாத்தனார்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் மூவரும் ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்து இறங்கியவர்கள். அவள் பனியன் கம்பெனியில் டெய்லர், நான் அதே கம்பெனியில் செக்கிங். ஒரு நாள் திடீரென்று வேலையை விட்டாள். கயிறு போட்டு மரம் ஏறிக் கிளை வெட்டுகிற ஒரு குழுவோடு கோயம்புத்தூரில் சேர்ந்துகொண்டாள். வீட்டில் பூகம்பம்தான். பொம்பளைப் பிள்ளை மரம் ஏறுவதா, நாளைக்கு யார் கட்டுவான் என்று மாமியார் போனிலேயே ஒப்பாரி வைத்தார். இவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இத்தன வருசம் குனிஞ்சே தச்சாச்சு மதினி. கொஞ்ச நாள் நிமிந்து பாக்கேன்" என்றாள். கற்றுத் திரும்பியதும் உள்ளூர்க் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி வளாகங்களில் மரம் கழிப்பது அவர் தொழில். நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீடும் அவருடையதே. கீழே நின்று கயிறு பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

அவள் முதல் தடவை ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு புரிந்தது, அதில் முரட்டுத்தனமே இல்லை. மெல்லிய நூலில் கட்டிய சின்ன மணல் பையை வீசி உயரமான கவையைத் தாண்ட வைப்பாள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே பெரிய கயிறு மேலே போகும். பட்டை உரியாமலும் கயிறு தேயாமலும் இருக்கக் கவையில் ஓர் உறை. இடுப்பையும் தொடைகளையும் சுற்றி ஹார்னஸ் என்கிற வார்ப்பட்டை. அதற்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு முடிச்சு உண்டு, அதுதான் விஷயமே. மேலே தள்ளினால் நகரும், எடையைப் போட்டு உட்கார்ந்தால் இறுக்கிப் பிடிக்கும். கிளை அறுக்கும் வாளை எடுக்கும் முன் இன்னொரு குட்டைக் கயிற்றையும் மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். இத்தனையும் கடைசியில் நம்பியிருப்பது அந்தக் கயிற்றைத்தான். அதனால் தினமும் காலையில் முழுக் கயிற்றையும் உள்ளங்கை வழியாக ஓடவிட்டுத் தடவிப் பார்ப்பது என் வேலை. துணியில் ஊசிக்கோடும் ஓட்டையும் தேடிப் பழகிய கை இது, சும்மா விடுமா? கம்பெனியில் துணிக் குறையைக் காட்ட ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கர்களும் பையில் கிடந்தன. குறை தெரிந்த இடத்தில் பழக்க தோஷத்தில் ஒன்றை ஒட்டிவிடுவேன். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் ஒன்று சொன்னாள். இந்த ஊரில் கழித்துப்போட்ட பனியனும் பிளாட்பாரத்தில் விலை போகும், அதுவும் போகாவிட்டால் மிஷின் துடைக்கப் போகும். "கயித்துல செகண்ட்ஸ் கெடையாது மதினி. ஒண்ணு பாஸு, இல்லேன்னா துண்டு."

அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனி. கேன்டீன் கூரைக்கு மேலே தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை காற்றில் விரிசல் விட்டு நின்றது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் வருகிறார், அதற்குள் இறக்கியாக வேண்டும். காலையில் கயிற்றைத் தடவிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. கயிற்றின் மேல்பின்னல் நன்றாக இருக்கிறது, உள்ளே கொழகொழவென்று பஞ்சு. மடித்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் காகிதம்போல் மடிகிறது. அம்புக்குறியை ஒட்டிவிட்டு, காண்ட்ராக்டரின் லாரி டிரைவரை விசாரித்தேன். முந்தின நாள் சேற்றில் சிக்கிய லாரியை இந்தக் கயிற்றைக் கட்டித்தான் இழுத்தார்களாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

காண்ட்ராக்டர் கோபப்படாத மனிதர். ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பிக்கொண்டே, "ஏனுங் கண்ணு, லாரியவே இழுத்த கயிறு, உன்னையத் தாங்காதுங்களா?" என்றார்.

"லாரி உழுந்தா லாரிக்கு வலிக்காதுங்க. எனக்கு வலிக்கும்" என்றாள் நாத்தனார். ஏற முடியாது, கேன்டீனைப் பூட்டுங்கள், புதுக் கயிறு வரட்டும் என்றாள்.

காண்ட்ராக்டர் சுற்றிலும் பார்த்தார். லோடு இறக்கிக்கொண்டிருந்த பீகார்க்காரர் ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, மரத்தைக் காட்டி, "சடோ பையா" என்றார். அந்த பீகார்க்காரர் வாழ்க்கையில் ஹார்னஸைப் பார்த்ததே இல்லை. ஏறச் சொல்கிறார்கள் என்பது மட்டும் புரிந்து, தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். நான் காண்ட்ராக்டரிடம் கெஞ்ச வாயெடுத்தேன். நாத்தனார் கெஞ்சவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள். அம்புக்குறிக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. துண்டு என் காலடியில் விழுந்தது. அதோடும் நிறுத்தவில்லை. மீதிக் கயிற்றையும் முழம் முழமாக, பூக்காரி பூ நறுக்குகிற மாதிரி நறுக்கிப் போட்டாள். "நான் ஏறலேன்னா இவரு ஏறுவாரு. இவருக்கும் ஊர்ல ஒரு மதினி இருப்பால்லா" என்றாள். கேன்டீன் பெண்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அப்போது எனக்குப் பயமாகவும் இருந்தது, கொண்டாட்டமாகவும் இருந்தது.

"ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க சாமி" என்றார் காண்ட்ராக்டர். அப்போதும் மரியாதை குறையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கிரேன் வைத்துக் கிளையை இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லையே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "நடக்காம இருக்கத்தான அறுத்தேன்" என்றாள் இவள். சட்டி பானையோடு ராயபுரத்தில் இந்த ஒற்றை அறைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் தங்கையோடு ஒரு வாரம் பேசவில்லை. நான் வந்த அன்றே ஆணி அடித்துத் துண்டை மாட்டினேன்.

இப்போது அவள் யாரிடமும் வேலை பார்க்கவில்லை. சொந்த வண்டி, சொந்தக் குழு. நான் இன்னும் கீழேதான், கயிற்றோடு. போன மாதம் சாமளாபுரத்தில் தறிக் கொட்டகை மேல் சாய்ந்திருந்த வாகை மரம். எங்களுக்காகத் தறிகளையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் ஹார்னஸ் மாட்டி நிற்கிறாள். கயிற்றில் ஓரிடம் கொஞ்சம் வெளுத்து, கைக்குச் சொரசொரத்தது. மோந்து பார்த்தேன். சாயப்பட்டறை நெடி. வண்டி ரிப்பேர் என்று வாடகை ஆட்டோவில் கயிற்றை ஏற்றினோமே, அதில் ஆசிட் கேன் ஒன்று ஒழுகியிருந்தது நினைவுக்கு வந்தது. அம்புக்குறியை ஒட்டினேன்.

இன்னொரு கயிறு வேறு வேலைக்குப் போயிருந்தது. அவள் கொட்டகையைப் பார்த்தாள், கைகட்டி நிற்கும் தறிக்காரர்களைப் பார்த்தாள். "வெயில்ல வெளுத்திருக்கும் மதினி. இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிருவோம்."

இதைச் சொல்வது யார், கயிற்றில் செகண்ட்ஸ் கிடையாது என்றவள்! அவள் இடுப்பிலிருந்த கத்தியை நானே உருவினேன். தடுக்கக் கை நீட்டினாள், விடவில்லை. வெளுத்த இடத்தை ஒட்டியே அறுத்தேன், மீதியையும் விடாமல் நறுக்கினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அம்புக்குறி இருந்த துண்டை எடுத்து, அறுத்த முனையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளிழை பால்போல் வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

"பாத்தியளா? நல்லாத்தான இருக்கு."

"இருக்கட்டும். நீயும் நல்லாத்தான இருக்க, ஏட்டி?"

 ஹார்னஸைக் கழற்றினாள். புதுக் கயிற்றோடு வருகிறோம், அதுவரை தறிகளை ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் நாத்தனார் மதினி சண்டையை வழியெல்லாம் போட்டுக்கொண்டே வந்தோம். அந்தத் துண்டை எனக்குத் தரவில்லை. வண்டியின் முன்கண்ணாடியில், எலுமிச்சம்பழம் தொங்கவிடுகிற இடத்தில் கட்டிவிட்டாள். தினமும் பார்க்கிறேன், ஸ்டிக்கரின் ஓரம் இன்னும் சுருளவில்லை.