ஒருத்தரும் தொடவில்லை

நேற்றுப் பின்னேரம் என் மகள் விளையாடிவிட்டு வந்து, உள்ளே வராமல் சற்று நேரம் வாசலிலேயே நின்றாள். கால் நோகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்த ‘இல்லை’ எனக்குத் தெரிந்த ‘இல்லை’. அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் நடக்கும்போதெல்லாம் முழங்காலைப் பார்க்கிறேன். அவள் திரும்பினால் வேறெங்கோ பார்க்கிறேன். வீணாகப் பயப்படுகிறேனோ, அல்லது பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படவில்லையோ, தெரியவில்லை.

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு நாங்கள் வந்த இரண்டாம் வருடம் எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. நெல் அறுத்துச் சூடடித்து முடிந்ததும் காய்ந்து கிடக்கும் வயலில் கோடு கீறிப் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடுவோம். பெடியன்களோடு நான் ஓடுவது அப்பாவுக்குப் பிடிக்காது. “பெரியபிள்ளையாகுமட்டும் ஓடட்டுமே” என்று அம்மா கெஞ்சி வாங்கித்தந்த அனுமதி அது. ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும், அப்பா அதை நிறுத்திவிடுவார்.

கிளித்தட்டில் ஒவ்வொரு கோட்டிலும் எதிர்ப்பக்கத்தார் ஒருவர் கையை விரித்து நிற்பார். தொடுபடாமல் எல்லாக் கோடும் தாண்டி மறுகரை போனவர் ‘பழம்’. பழம் தொடுபடாமல் திரும்பி வந்துவிட்டால் வெற்றி. அன்றைக்கு நான்தான் பழம். திரும்பி வரும்போது கடைசிக் கோட்டில் பக்கத்துக் காணிக்காரரின் மகன் நின்றான். இடப்பக்கம் ஓடுவதுபோலக் காட்டி, சட்டென்று நின்று வலப்பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். ஆனால் நான் விழுந்தது கோட்டைத் தாண்டி இப்பால்.

“தொட்டனான்!” என்று அவன் கத்தினான்.

“பொய்! ஒருத்தரும் தொடேல்லை!” என்று கிடந்தபடியே அவனைவிடப் பலமாகக் கத்தினேன்.

வெற்றி எங்களுக்குத்தான். நான் களைத்துப்போனவள்போல வரம்பில் காலை நீட்டி இருந்துகொண்டேன். அடுத்த ஆட்டத்தில் அண்ணனும் அந்தப் பெடியனும் முட்டிமோதி விழுந்தார்கள். அண்ணனின் தோள்மூட்டு விலகிவிட்டது, வாயில் சொண்டும் கிழிந்து ஒரே இரத்தம். நாலுபேர் அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பின்னால் போன ஊர்வலத்தில் நான் கடைசி ஆள்.

முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் சைக்கிளில் வந்து மூட்டை இழுத்து விட்டு, எண்ணெய் பூசிக் கட்டினார். அண்ணனுக்குக் கோழி அடித்தார்கள். அயலவர்கள் முட்டை கொண்டுவந்து கொடுத்து, எப்படி மோதியது என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அண்ணனும் சலிக்காமல் சொன்னான். சொல்லச் சொல்ல எதிராளி வளர்ந்துகொண்டே போனான். என் முழங்கால் பாவாடைக்குள் வீங்கி, வேறு யாருடையதோபோல இருந்தது.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்க்க வந்த பரியாரியார் என்னைக் கண்டுவிட்டார்.

“பிள்ளை ஏன் காலை இழுக்கிறா?”

“அது ஒண்டுமில்லை,” என்றார் அப்பா. “தமையனுக்குக் கோழி அடிச்சதைக் கண்ட உடன தங்கச்சிக்கும் நோகுதாம்.”

“ஆரும் இடிச்சவையோ, பிள்ளை?”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் வென்ற ஆட்டம்.

“ஒருத்தரும் தொடேல்லை,” என்றேன்.

“தொடாமல் என்னண்டு மோனை நோகும்? காத்து இடிச்சதோ?” என்றார் பரியாரியார்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்து, கிழிந்த சொண்டு நொந்து, “ஐயோ” என்றான். முழங்காலைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை. காட்டு என்று அப்பாவும் சொல்லவில்லை.

அப்பா வயலுக்குப் போனதும் அம்மா என்னை அடுப்படிக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அண்ணனுக்குத் தந்த எண்ணெய்ப் போத்தல் அவர் கையில் இருந்தது. எங்கே நோகிறது என்று அவர் கேட்கவில்லை. கட்டைவிரலை நேரே முழங்காலின் உட்பக்கத்தில் ஓரிடத்தில் வைத்து அமத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது.

“திரும்பேக்கதானே? உள்ளுக்கை சத்தம் கேட்டதோ?”

“ஓம்.”

“பிறகும் எழும்பி நடந்தனி.”

“ஓம்.”

“நடக்கலாம். அதாலதான் ஒருத்தரும் நம்பாயினம்.” பழைய சேலைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். “படி இறங்கேக்க நொந்த காலை முதல் வை. ஏறேக்க நல்ல காலை.”

“அப்பாட்டைச் சொல்லாதேங்கோ, அம்மா.”

“சொல்லமாட்டன். ஆனா நீ இனி ஓடாதை, பிள்ளை.”

அப்பா தடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது. அனுமதி வாங்கித்தந்தவரே பறித்துக்கொண்டார் என்று ஒரு கிழமை முழுதும் அம்மாவோடு சரியாகக் கதைக்கவில்லை. அடுத்த மாதம் அண்ணன் மறுபடி வயலில் நின்றான். பொறுக்காமல் நானும் ஒருநாள் களவாக ஓடிப்பார்த்தேன். இரண்டாவது கோட்டிலேயே முழங்கால் வழுக்கிவிட்டது. அண்ணன் தன் தோளை மறந்தே போனான். என் கால் இன்றைக்கும் சட்டென்று திரும்பினால் வழுக்கும்.

மகள் இப்போது பாயில் ஒரு காலை நீட்டிக்கொண்டு படிக்கிறாள். இன்னொருமுறை கேட்டால் இன்னொருமுறை இல்லை என்பாள். எண்ணெய்ப் போத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். முழங்காலில் விரலை வைத்துவிட்டால் பிறகு அம்மாவைப்போல நானும் ஏதாவது சொல்லியாக வேண்டும். அதுதான் யோசிக்கிறேன்.

அந்தக் கோபம் தீராத நாட்களில் ஒருநாள் விடிய வாய்க்கால் கரையில் இருந்தபடி, அம்மா தண்ணீர் அள்ளப் படியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதற்படியில் இடக்காலை வைத்தார். வலக்காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்த படியிலும் இடக்காலைத்தான் முதலில் வைத்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் இறங்குவார். அம்மாவுக்குத் தண்ணீரென்றால் பயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.