வெள்ளைத்துரையின் கையளவு ஜீப்

மெழுகுவத்திச் சுடரில் பிளாஸ்டிக் குச்சியைக் காட்டி, அது இளகுகிற நேரம் பார்த்து இரண்டு முனையையும் மெல்ல இழுக்கிறார் வெள்ளைத்துரை. முடி கனத்துக்கு நூல் வருகிறது. ஊதி ஆற்றி பிளேடால் நறுக்கினால் ஜீப்புக்கு வைப்பர் கம்பி தயார். சுடர் ஆடிவிடுமாம், அதனால் சித்திரை வெயிலிலும் வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது. "இவரு பொம்மை செய்ய நாங்க வேகணுமா?" என்று மனைவி அன்னக்கொடி அடுப்படியிலிருந்து கேட்பார். வாயைத் திறந்தால் சுடர் ஆடிவிடாதா? மனிதர் மூச்சையே பிடித்துக்கொண்டல்லவா இருக்கிறார்!

காளவாசலில் அவருக்கு டிங்கரிங் பட்டறை. எந்த வண்டி நசுங்கி வந்தாலும் தட்டி நிமிர்த்திவிடுவார். இடது முழங்கால் மடங்காது, காலை நீட்டிப் போட்டுத்தான் வேலை. கே.கே. நகர் டாக்டர் ஒருவரின் கார் டிக்கியில் கிடந்தது இந்தப் பெட்டி. சிங்கப்பூர்ச் சரக்கு. ராணுவ ஜீப்பைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற சமாச்சாரம். டாக்டரே ஆசையாக வாங்கி, பாதியில் சலித்துப் போட்டது. எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு வெள்ளைத்துரை பட்டறையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

எழுபத்தொன்று சண்டையில், மேற்கு எல்லையில், கால் சிதைந்து கிடந்த சிப்பாய் வெள்ளைத்துரையைத் தூக்கி வந்தது இப்படியொரு ஜீப்தான். ஓட்டியவர் காஜிமார் தெரு பீர் முகமது. இரண்டு பக்கமும் கண்ணிவெடி. வந்த டயர் தடத்தை விட்டுச் சாண் விலகினாலும் இரண்டு பேரும் காலி. வண்டியைத் திருப்ப வழியில்லை. பீர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்த நன்றியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளைத்துரையும் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறார். நடந்தால்தானே? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பீர் பட்டறைக்கு வந்துவிடுவார். ஊர்க்கதையெல்லாம் பேசுவார். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும், "வண்டி ஓட்டச் சொன்னாங்க, ஓட்டுனேன். அம்புட்டுத்தான் மாப்ள. டீ ஆறுது பாரு" என்று கத்தரித்துவிடுவார். இப்போது அவர் மகளோடு இருக்க மலேசியாவுக்குக் கிளம்புகிறார். அடுத்த வாரம் கப்பல். திரும்பி வருகிற யோசனை இல்லை. அதற்குள் இந்த ஜீப்பை முடித்து அவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

பெட்டியிலிருந்த பசை கல்லாகியிருந்தது. காருக்குப் பெயிண்ட் கலக்கும் தின்னரைத் துளி தொட்டு வைத்தார், பிளாஸ்டிக் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டார். பெட்டி மேல் இருந்தது அமெரிக்க ஜீப்பின் படம், அங்கே டிரைவர் உட்காருவது இடப்பக்கம்; அதைப் பார்த்து ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒட்டிவிட்டார். காய்ந்த பிறகுதான் கவனித்தார். "அடக் கூறுகெட்டவனே, பீர் அண்ணே எங்கடா உக்காருவாரு?" என்று தன்னையே வைதுகொண்டு, ஒட்டியதையெல்லாம் அறுத்தெடுத்து வலப்பக்கம் மாற்றினார். அறுத்த தழும்பு இன்னும் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை பீரை வீட்டுக்கே அழைத்திருந்தார். முன்தினம் பூராவும் நன்றி சொல்லிப் பழகியும் பார்த்தாராம். புதுவண்டி ஆயிற்றே, அன்னக்கொடி சந்தனப் பொட்டு வைத்தார். எலுமிச்சம்பழம் ஜீப்பின் சக்கரத்தைவிடப் பெரிதாகத் தெரிய, முன்சக்கரங்களுக்கு முன்னால் சக்கரத்துக்கொரு சுண்டைக்காய் வைத்தார். பீர் வந்து எதிரில் உட்கார்ந்ததும் பழகிய பேச்சு ஒன்றும் வரவில்லை.

"வண்டிய எடுங்கண்ணே" என்றார் வெள்ளைத்துரை.

பீர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் பக்கத்துத் தழும்பை வெகுநேரம் பார்த்தார். டீயைப் பற்றிப் பேசவில்லை. முன்னால் இருந்த சுண்டைக்காய்களை எடுத்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார். பானட்டில் ஒற்றை விரலை வைத்து, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, ஜீப்பை மெல்லப் பின்னோக்கித் தள்ளினார்.