பீலிக்கு ஒரு சுவர்

எங்கள் வீட்டுக்குக் கீழே, இரத்தோட்டைக்குப் போகும் ரோட்டோரத்தில் ஒரு பீலி இருந்தது. அந்தக் குழாயில் மலைத் தண்ணீர் நாள் முழுக்கக் கொட்டும். அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மறைப்புச் சுவர். ஊர்ப் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் அதற்குள்தான்.

ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். பெரியவளான பிறகு கடைக்கும் போகக்கூடாது. உம்மாவோடு பீலிக்குப் போய்வரும் அந்த ஒரு மணி நேரம்தான் நான் வெளியே இருக்கும் நேரம். அங்கேயும் வாய் திறக்க மாட்டேன். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், அதுவே எனக்குப் போதும்.

ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் சுவரை இடித்தார்கள். பீலியை விட்டுவிட்டார்கள். அன்றைக்கே வாப்பா, "இனி இவள அங்க கூட்டிட்டுப் போகத் தேவல்ல" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டார்.

உம்மா அவரைக் கிராம சபைக்கு அனுப்பினார். இடித்தது ரோட்டு இலாகா, அவர்களின் கந்தோரில் போய்க் கேளுங்கள் என்றார்களாம். ரோட்டுக் கந்தோரில், தங்கள் நிலத்தில் கிராம சபை சுவர் கட்டியதே பிழை என்றார்களாம். மாவட்ட அலுவலகமான கச்சேரியில் கடிதம் கேட்டார்கள். வாப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'எமது ஊர்ப் பெண்கள்' என்று எழுதினேன். அதில் நானும் ஒருத்தி என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டு மாமி சாக்குக் கட்டி மறைத்துக்கொண்டு குளித்தார். ரோட்டு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் அதையும் அவிழ்த்து எறிந்தார்.

"மூணு கந்தோர் சேந்தும் என்ட முதுக மறைக்க ஏலாமப் போச்சே!" என்று மாமி சிரித்தார்.

மாதங்கள் கழித்து மேசன்மார் வந்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நல்ல உயரமான சுவர். ஆனால் ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கானுக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டுப் பக்கம் எழும்பியது. பீலி அந்தப் பக்கம்.

உம்மா இறங்கிப் போய்க் கேட்டார்: "தம்பி, தண்ணி அங்கயல்லவா இரிக்கி?"

"கிராம சபை எல்லை கானோட முடியுது ராத்தா. அங்கால ரோட்டுக் கந்தோர்ட. எங்களுக்கு இங்கதான் கட்டச் சொன்னாங்க."

"அப்ப தண்ணிக்குப் பதிலா சுவரத் தேச்சுக் குளிப்போம்" என்றார் கூடப் போன மாமி.

வாப்பா மறுபடி எங்கும் போகவில்லை. "கட்டித் தந்துட்டாங்களே, இனி என்னத்தச் சொல்லிக் கேக்குற?" என்றார்.

கல்யாணம் ஆகும்வரை, நாலு வருசம், வீட்டுக்குப் பின்னால்தான் குளித்தேன். உம்மா குடம் குடமாகச் சுமந்து மேடேறி வருவார். அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். ஒரு குடம் போதும் உம்மா என்று பொய் சொல்லப் பழகிக்கொண்டேன்.