கறுப்புப் பலகையில் வெள்ளி எழுத்து

ஷாலினி, பிரவீன்... உங்கள் அப்பா உங்களிடம் பொய் சொன்னவன். நம் காரின் கறுப்பு நம்பர் பிளேட்டுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டேன் என்றேனே, கேட்கவில்லை. அன்வர் மாமாவை இடித்துவிட்டுப் போன ஜீப் யாருடையது என்று தெரியாது என்றேனே... அது தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்!

போன வாரம், பிரவீன், வாங்கப்போகும் பைக்குக்கும் அதே மாதிரி ஒரு பிளேட் செய்து தரச் சொன்னாய். நான் கத்தினேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். ஏன் கத்தினேன் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

நம்முடைய பழைய காரை வாங்கியபோது அதற்கு வெள்ளைப் பிளேட்தான் இருந்தது. ஒரு காலத்தில் சொந்தக் கார்களுக்கெல்லாம் கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. சின்ன வயதில் பார்த்த அந்த அழகு என் கண்ணிலேயே நின்றுவிட்டது. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? கழிவில் கிடந்த கறுப்புத் தோலைத் தகரத்தின் மேல் இழுத்து ஒட்டினேன். வெள்ளிப் பூச்சுத் தோலில் எழுத்துகளை வெட்டி அதன் மேல் பதித்தேன்.

அங்கேதான் என் தப்பு.

ஷூ வேலையில் ஒரு தோலின் மேல் இன்னொன்றை ஒட்டும் முன், அடித்தோலின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுப்போம். தேய்த்தால்தான் பசை பிடிக்கும். இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் கற்பது. தேய்த்தால் எழுத்தைச் சுற்றி மங்கிவிடுமே என்று நான் தேய்க்கவில்லை. அழகுக்காக!

அப்போது பக்கத்து மெஷினில் நின்ற அன்வர் மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சேகரு, காருக்கே ஷூ போட்டுட்டியா? லேஸு எங்கப்பா?"

பிறகு விரலால் ஓர் எழுத்தைத் தடவினார். "தேய்க்காம ஒட்டிக்கிறியா? மழ பேஞ்சா உன் நம்பர் வேலூருக்குப் போய்ச் சேரும், பாத்துக்க."

நானும் சிரித்தேன். ஷாலினி, அந்தக் காரின் முன்னால் நின்று நீ எடுத்துக்கொண்ட படம்தான் கூடத்தில் மாட்டியிருப்பது. "அப்பா, கறுப்பு போர்டு தப்புன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே?" என்று நீ கேட்டாய். "பழைய வண்டிக்கு உண்டும்மா, நான் கேட்டுட்டேன்" என்றேன். உன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் பிரியாணிக் கடை வாசலில் ஒருவர் நம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏலகிரியில் அறைகள் வாடகைக்கு விடுகிறவர். பழைய ஜீப் வைத்திருந்தார்.

"செம லுக்கு பாஸ்! நம்ம ஜீப்புக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க."

"போலீஸ் புடிச்சா, சார்?"

"விண்டேஜ் பாஸ், விண்டேஜ்! பழைய வண்டிய எவன் கேக்கறான்?"

அந்த ஒரு சொல் எனக்கு அனுமதிச் சீட்டு மாதிரி இருந்தது. செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஐந்து பொட்டலம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நீங்களும் சாப்பிட்டீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில், ஷிப்ட் முடிந்த ஒரு சாயங்காலம், சர்வீஸ் ரோட்டில் அன்வர் மாமாவின் மொபெட்டை ஒரு ஜீப் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. மத்தியானத்திலிருந்து விடாத மழை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

"கறுப்பு போர்டுங்க. வெள்ளி எழுத்து. கடைசி ரெண்டு நம்பர் மட்டும் இல்ல. பேந்து போய்க் காலியா கீது. அதப் பாக்கறதுக்குள்ள வண்டி போயிட்ச்சு, மத்த நம்பர் மனசுல நிக்கல."

கூட்டத்தில் நின்று நான் அதைக் கேட்டேன்.

அன்வர் மாமாவின் வலது காலில் இப்போது கம்பி இருக்கிறது. எங்கள் வேலை நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. இனி அவரால் நிற்க முடியாது. வண்டி நம்பர் இல்லாமல் கேஸும் நகரவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் கம்பெனி வாசலில் கேட்டார். "இந்த மாதிரி போர்டு இங்க யாருய்யா செய்றது?"

"தெரியலிங்க சார்" என்று முதலில் சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகுதான் டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவரிடம் போய் விதியைக் கேட்டேன். எப்போது கேட்டிருக்க வேண்டியது! விண்டேஜ் என்றால் ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டுமாம். அதையும் தனியாகப் பதிந்து வேறு நம்பர் வாங்க வேண்டுமாம். தினமும் ஓட்டக் கூடாதாம். கரண்டு வண்டி தவிர, மற்றச் சொந்த வண்டி எதுவானாலும் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுகிற கார்.

"அப்போ கறுப்புல வெள்ளி எழுத்து?"

"அது எந்த லிஸ்ட்லயும் இல்லண்ணே."

வேலூர்க் கடைகளிலும் கறுப்புப் பிளேட் விற்கிறார்கள். இடித்தது வேறு ஜீப்பாக இருக்கலாம் அல்லவா? நான் பெயர் சொல்லி, அவர் குற்றமற்றவராக இருந்தால்? சொன்னால் கம்பெனித் தோலை எடுத்ததும் வெளியே வரும். வேலை போகும். உங்கள் படிப்பு...? ஆனால் அந்த இரண்டு எண்கள் பெயராமல் இருந்திருந்தால் டீக்கடைக்காரர் அவற்றையாவது சொல்லியிருப்பாரே! என் குற்றம் எது? பலகையா, பசையா, வாய் திறக்காததா? எங்கே தொடங்கி எண்ணுவது என்றே எனக்குப் புரியவில்லை.

தோல் வெட்டும் முன் அட்டையில் அளவு வெட்டி வைப்பது எங்கள் வழக்கம். அந்த ஜீப்பின் நம்பரை வெட்டிய அட்டைகள் பரண்மேல் தகரப் பெட்டியில் இருக்கின்றன. முழு நம்பரும். கடைசி இரண்டும்.

முந்தாநாள் அன்வர் மாமாவைப் பார்க்கப் போனேன். "சேகரு, அது உன் போர்டு மாதிரியே இருந்துச்சாம்பா. உன்னுதப் பாத்து எவனாச்சும் செஞ்சிருப்பானோ?"

"தெரியலியே, பாய்."

அவர் மகளைக் கூப்பிட்டு, "சேகருக்குச் சாயா கொண்டா, சக்கர ஜாஸ்தி" என்றார். அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாரா? அந்தச் சாயாவை எப்படிக் குடித்தேன்!

நேற்றிலிருந்து நம் காரில் முன் பிளேட் இல்லாததைப் பார்த்திருப்பீர்கள். நான்தான் கழற்றினேன். அம்மா சோளிங்கர் போயிருந்தாள். நீங்களும் வீட்டில் இல்லை. கொல்லைக் குழாயடியில் பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து, பிளேட்டை அதில் அமுக்கிவிட்டு எதிரே குந்தினேன். மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டே வைத்திருந்த கார், இந்தப் பிளேட் இப்படி நனைந்ததில்லை. அதே தோல், அதே பசை, தேய்க்காமல் ஒட்டிய அதே கை.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது! பிறகு கடைசியில் இருந்த ஏழின் முனை மெல்லச் சுருண்டது. கழன்று மேலே வந்து மிதந்தது.

அதை எடுத்து, கையை உள்ளே விட்டு, அது இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். நூறு வரை எண்ணினேன். விரலை எடுத்தேன்.

ஏழு மறுபடியும் மிதந்தது.