உருது அகராதியும் இரண்டு போளிப் பொட்டலங்களும்

தீப்பெட்டி ஆபீஸில் கிளார்க் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தபோது, எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். வரும்போது இரண்டு ‘டெஸ்டிமோனியல்ஸ்’ கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தச் சொல் எனக்கும் தெரியவில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்றை அவசரமாக வாங்கிவந்து பிரித்தால், அர்த்தமெல்லாம் உருதுவில் இருந்தது.

தெருமுனைத் தையல்கடை பாயிடம் ஓடினேன். அவர் கண்ணாடி போட்டு, எழுத்துக்கூட்டி, ராகமாக வாசித்தார்.

“அப்படின்னா என்ன பாய்?”

“எனக்கெப்படித் தெரியும்? அரபி ஓதப் படிச்சதால எழுத்து தெரியும். வீட்ல நாங்களும் தமிழ்தானலே பேசுதோம்.”

நல்லவேளை, உதாரண வாக்கியம் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. ‘அவன் தரமான டெஸ்டிமோனியல்ஸ் கொண்டுவந்தான்.’ வீட்டுக்கு வந்து அதை அய்யாவிடம் சொன்னேன்.

“தரமானதா ரெண்டு. மொதலாளியப் பாக்கப் போறப்ப வேறென்னத்தக் கொண்டுபோவாக? கடம்பூர் போளிதாம்லே,” என்றார்.

நேர்காணலில் மேனேஜர் கேட்டதும் இரண்டு பொட்டலங்களை மேஜைமேல் வைத்தேன். பிரித்துப் பார்த்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வேலை போயிற்று என்று எழுந்துவிட்டேன்.

“உக்காரு தம்பி. நீ நல்ல பையன்னு ரெண்டு பேரு எழுதித் தார கடுதாசி அது. ஹெட்மாஸ்டர்ட்ட ஒண்ணு வாங்கிட்டு வா.”

“இன்னொண்ணு, சார்?”

அவர் வாயில் போளி இருந்தது. மென்று முடித்து, “நானே எழுதுதேன்,” என்று பேனாவைத் தேடினார்.