பீவி கொண்டுவந்த மத்தியானச் சாப்பாடு

நூர் நிஷாவைப் போல ஒரு பிடிவாதக்காரியைத் தாராவி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. எனக்கு அவள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. என் மேலும்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நாங்கள் பைகளுக்கு உள்துணி தைக்கிறோம். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் முட்டையையும் புருஷன் ஆஷிக்கின் விந்தணுவையும் சேர்த்து மூன்று கரு உண்டாக்கி வைத்திருந்தார்கள். இரண்டு தங்கவில்லை. உன்னிடம் இனி முட்டை இல்லை, வேண்டுமானால் வேறொரு பெண்ணுடையதை வாங்கலாம் என்றார் டாக்டர். அது மார்க்கத்தில் கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் எழுந்து வந்துவிட்டார்கள். ஆக, மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அதை வயிற்றில் வைத்த மூன்றாம் நாள் ரம்ஜான் பிறந்தது. மாத்திரை மூன்று வேளையும் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வைத்தியத்துல இருக்கவளுக்கு நோன்பு கட்டாயமில்ல. அடுத்த வருசத்துக்குள்ள ஈடு கட்டிக்கலாம்" என்று மாமியார் பீவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தான் நோன்பிருந்துகொண்டே சமைத்து, மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சு வாங்கப் படியிறங்குவாள்.

அவள் போனதும் நூர் நிஷா வாளியை என் பக்கம் தள்ளுவாள்.

"நீ சாப்பிடு மாரீஸ்வரிக்கா. நான் நோன்பு வச்சிருக்கேன்."

"பாகலாடி நீ, பைத்தியமா புடிச்சிருக்கு? அப்போ மாத்திர?"

"நோன்பு தொறந்த பெறவு ரெண்டாப் போட்டுக்குவேன். ரெண்டு தடவையும் டாக்டர் சொன்னதத்தான கேட்டேன்? இந்தத் தடவ அல்லாட்ட கேக்குறேன். மாமிட்ட சொல்லிராத."

திட்டினேன். திட்டிவிட்டு, சோறு வீணாகிறதே என்று சாப்பிட்டேன். பீவியின் கைமணம் அப்படி. பன்னிரண்டு நாள் சாப்பிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. மாத்திரையைப் பற்றி அவள் டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. அதனால்தான் போயிற்றா, எப்படியும் போயிருக்குமா, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

"பஸ், போதும். இனிமே ஆஸ்பத்திரி கெடயாது" என்று சொல்லிவிட்டு ஆஷிக் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். பீவி மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எம் பாவம் மவளே. நோன்பு வைக்கேன்னு நீ சொன்ன. நாந்தான் தடுத்தேன். அல்லா குடுக்க இருந்தத நாந்தான் கெடுத்துட்டேன்."

நூர் நிஷா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "மாமி…" என்று ஆரம்பித்தாள். பிறகு, "அழாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? நானும் சொல்லவில்லை. அந்த ரம்ஜானில் மீதி நாளெல்லாம், தான் செய்யாத தப்புக்காகப் பீவி தொழுகைப் பாயில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் நூர் நிஷாவும் இந்தப் பக்கம் நானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.